பீலிக்கு இறங்கிய கம்பி

கூட்டாளிகளே, போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீழ்ப் பீலியில் இருக்கிற முனி கோயிலுக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படத்துக்குக் கீழே நம்மில் ஒருவர் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம், கடைசி வாங்கில் உட்கார்ந்து என் பின்னலை இழுத்தவர் என்றால் உங்களுக்கே தெரியும். "கூரை உச்சியில இடிதாங்கி வைக்கப் போறோம். கம்பிய பீலி ஓரமாவே எறக்கிறலாம்னு முடிவு. அங்கதான் மண்ணு எப்பவும் ஈரம்." அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தீர்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இனி முடியாது. குழி தோண்டுவதற்கு முன்னால் இதை நீங்கள் படித்தாக வேண்டும். தேயிலைத் தோட்டத்தைப் பார்க்காமல் வளர்ந்த உங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மின்சார வேலை பார்த்தார். அதனால் எங்களுக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் இல்லாமல், மேட்டில் தனி வீடு. அம்மா கொழுந்தெடுக்கப் போவார். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, கீழே லயத்தில் கடைசிக் காம்பரா அறையில் இருந்தார். லயத்துக்கும் எங்கள் மேட்டுக்கும் நடுவில் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் இரும்புக் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாருக்கும் அது ஒன்றுதான். அங்கே கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு. செருப்போடு போனவர்கள் யாரையாவது நினைவிருக்கிறதா? நம் காலில் செருப்பு எங்கே இருந்தது!

எங்கள் அப்பாவுக்கு ரேடியோ பைத்தியம் என்று ஊரே சொல்லும். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே வானொலியில் பேச லைசன்ஸ் வாங்கியவர் அவர். முன்னறையில் மேசை நிறைய அவர் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய ரேடியோப் பெட்டிகள். வால்வுகள் சூடேறினால் ஒரு தூசி வாசனை வரும். அதோடு ஈயம் உருகும் வாசனையும், கீழே ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை வறுபடும் வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் மூக்கை மூடிக்கொண்டால்கூட அந்த வாசனை எனக்கு வரும். பேசி முடித்த வெளிநாட்டுக்காரர்கள் தபாலட்டை அனுப்புவார்கள். அதையெல்லாம் சுவரில் மா பசை தடவி ஒட்டியிருந்தார். பனிமலை, கப்பல், ஒட்டகம், யாரோ ஒருவரின் பூனை. சம்பளத்தன்று ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரைக்கு முன்னால் கை கட்டி நிற்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசைக்கு முன்னால் ராஜா.

வீட்டுக்கூரையில் நிறுத்திய இரும்புக் குழாயிலிருந்து, எதிரே மேட்டு உச்சியில் நின்ற டர்பன்டைன் மரம் வரைக்கும் ஒரு நீளக் கம்பி ஓடும். ஆகாயக் கம்பி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நம் ஊர் ஐப்பசி உங்களுக்குத் தெரியும். காலையில் பளிச்சென்று வெயில். பகல் மூன்று மணிக்கு ஹாலிஎலப் பக்கம் கறுக்கும். நாலு மணிக்கு மலையே இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். அந்த மாசத்தில் இவ்வளவு உயரத்தில் கம்பி கட்டி வைத்திருப்பவன், வா வா என்று இடியைக் கூப்பிடுகிறான் என்றுதான் அர்த்தம். அது அப்பாவுக்கும் தெரியும். அதனால் இடியைப் பூமிக்குள் அனுப்ப ஒரு வழி வேண்டும் என்று முதலிலேயே ஏற்பாடு செய்தார்.

ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளைப் பீங்கான் பலகை. அதில் செம்பு நாக்கு, அதற்கு மரக் கைப்பிடி. கைப்பிடியை மேலே தள்ளினால் ஆகாயக் கம்பி ரேடியோவோடு சேரும். கீழே தள்ளினால் வெளியே போகிற பூமிக் கம்பியோடு சேரும். அப்பா ஸ்டோரில் இருக்கிற நேரத்தில் அதைக் கீழே தள்ளுவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு நான் வந்துவிடுவேனே!

"காலையிலயே கீழ தள்ளி வச்சிட்டுப் போனா என்னங்க? எதுக்குப் புள்ள தலையில கட்டுறீங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"பகல் சாப்பாட்டுக்கு வந்ததும் கேக்கணும்ல? சங்கு ஊதுனா அப்படியே விட்டுட்டு ஓடிருவேன்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல இருந்துச்சுன்னா வீடு போயிரும் பாப்பா. கீழ போட்டுட்டா பூமி வாங்கிக்கிரும். மறந்துறாத."

நான் மறக்கவே இல்லை. அதுதான் என் கஷ்டம்.

முதலில் பூமிக் கம்பியை ஜன்னலுக்கு நேர் கீழேதான் இறக்கப் பார்த்தார். மம்பட்டியால் நாலு கொத்து கொத்தினதும் பாறை. இரும்புக் கம்பியை அடித்து இறக்கினால் முழங்கை ஆழத்துக்கு மேல் போகவில்லை. வீட்டு மின்சாரத்தையும் அந்தக் கம்பியையும் ஒரு பல்பில் சேர்த்துச் சோதித்தார். பல்பு சிவப்பாக ஒரு நூல் மாதிரி மினுங்கியதோடு சரி. "பூமி பிடிக்கல" என்று உதட்டைப் பிதுக்கினார். உப்பும் கரியும் கொட்டிப் பார்த்தார், அப்போதும் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார். பஜாரில் ஒரு இரும்புக் கடை. கடை நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், வயதானவர், வெள்ளைத் தொப்பி, எந்நேரமும் வாயில் ஒரு கராம்பு. நான் ஆணிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். செம்புக் கம்பி ஐம்பது யார், அதாவது நூற்றைம்பது அடி, வேண்டும் என்று அப்பா கேட்டதும் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஐம்பது யார் எதுக்கு தம்பி? பூமிக் கம்பி கிட்டத்துலதானே எறக்கணும்?"

"வீட்டுக்கிட்ட பாறை நானா. கீழ பீலிக்கு கொண்டு போறேன். அங்க நல்ல ஈரம், அருமையா பிடிக்கும்."

நானா கம்பிச் சுருளைக் கையில் எடுக்கவே இல்லை. "சொல்றத கேளுங்க. ஆளுகள் பொழங்குற ஈரத்துல எறக்கவே வேணாம். பாறைய கொஞ்சம் ஒடைங்க. வீட்டு ஓரத்துலயே ரெண்டு மூணு கம்பிய தள்ளித் தள்ளி அடிச்சு எல்லாத்தையும் ஒண்ணா கட்டுங்க. வீட்டு மின்சாரத்துட பூமியையும் அதோடயே சேருங்க. மொனராகலையில எங்க மச்சான்ட மாடு மூணு செத்திச்சு. இடி விழுந்தது மரத்துல. மாடு தள்ளித்தான் நிண்டிச்சு. மண்ணு வழியா வந்து கால்ல ஏறிச்சு தம்பி."

அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும். "மாட்டுக்கு நாலு காலு நானா. எட்டி எட்டி நிக்கும், அதான் ஏறிச்சு. மனுசனுக்கு ரெண்டே காலு, பக்கத்து பக்கத்துல இருக்கு."

நானாவும் சிரித்துவிட்டுக் கம்பியை அளந்து கொடுத்தார். ஆனால் நாங்கள் படியிறங்கும்போது மறுபடி கூப்பிட்டார். "பாறைய ஒடைக்க ஒரு நாள் வேலைதான் தம்பி" என்றார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னிடம், "கடைக்காரவுங்களுக்கு கம்பி அளக்கத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிய அப்பாவா, கராம்பு மெல்லும் நானாவா? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அடுத்த நாளே கம்பி இறங்கியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சாண் ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, கம்பியைப் போட்டு, நான் பின்னாலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பீலிச் சேற்றில் ஓர் ஆள் உயரச் செம்புக் கோலை அடித்தார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. தண்ணீர் கொட்டுகிற இரும்புக் குழாயிலும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். மேலே வந்து பல்பைச் சேர்த்ததும் வெள்ளை வெளேரென்று எரிந்தது. "பாத்தியா பாப்பா, இதான் பூமி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த நேரம் கீழே யாரோ 'ஆய்' என்று கத்தினார்கள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்றார்.

அடுத்த வாரத்திலேயே அத்தை இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். "அண்ணே, பீலி கடிக்குதுண்ணே."

"என்னாது?"

"கொழாய தொட்டா சுருக்குன்னு கடிக்குது. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்குந்தான். எப்பவும் இல்ல, சில நேரம்."

"தண்ணி கடிக்குமா தங்கச்சி? சில்லுன்னு இருந்திருக்கும்" என்றார் அப்பா. அத்தை என்னைப் பார்த்து, "ஒங்க அப்பாவுக்கு எப்பவுமே கிண்டல்தான் மருமகளே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். ஈரக் கை. மஞ்சளும் சன்லைட் சவர்க்காரமும் மணக்கும்.

இப்போது யோசித்தால் புரிகிறது. அப்பா செட்டை ஓட்டிய நேரங்களில்தான் பீலி கடித்தது. பெட்டிகளின் இரும்பு உடம்பையும் அதே பூமிக் கம்பியில்தான் கட்டியிருந்தார்; பழைய பெட்டியிலிருந்து கசிந்த மின்சாரம் அதன் வழியாகக் கீழே போயிருக்கிறது. ஸ்டோரில் ஒரு மோட்டார் உறுமினால் என்ன பழுது என்று காதாலேயே சொல்லிவிடுகிற மனுஷருக்கு இது தெரியாமல் போகுமா? சொன்னது ஒரு எலக்ட்ரீசியனாக இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். சொன்னவர்கள் கொழுந்தெடுக்கிற பொம்பளைகள். அதனால் அது மூடநம்பிக்கையாகப் போய்விட்டது.

லயத்தில் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பீலியில் முனி இறங்கியிருக்கிறது. ஸ்டோரில் பெரிய சக்கரத்துக்கு ரோதமுனி இருக்கிற மாதிரி, தண்ணீருக்கும் ஒரு முனி. யாரோ சேற்றில் நட்டுக்கொண்டு நின்ற செம்புக் கோலைக் கண்டுபிடித்தார்கள். அப்பா அடித்ததுதான் என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் முனி குடியேற ஏதாவது ஒன்று வேண்டும் இல்லையா? கோலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பொங்கல் வைத்துக் கும்பிடுவதாக ஏற்பாடு. அப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஏங் கோலுக்கே பொங்கலா! வச்சுக்கங்க. தேங்கா நான் வாங்கித் தாறேன்." சொன்னபடி வாங்கியும் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. மழை இல்லை, காற்றும் இல்லை. ஹாலிஎலப் பக்கம் தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் நேராகப் பீலிக்கு வந்தார்கள். கூடைகளை மேட்டில் கவிழ்த்து வைத்தார்கள். எங்கள் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். கோலைச் சுற்றி இருபது பேருக்கு மேல் இருக்கும். அம்மா பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அத்தை குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது சுவிட்சில் சத்தம் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் கழித்து டிக். வானத்தில் கனம் கூடினால் ஆகாயக் கம்பியில் மின்சாரம் ஏறி, செம்பு நாக்குக்கும் பூமிக் கம்பி முனைக்கும் நடுவில் ஊசி முனை அளவு நீலப் பொறி தாவும். அதைக் கேட்டால் கைப்பிடியைக் கீழே தள்ள வேண்டும். உடனே அடங்கிவிடும்.

நான் கைப்பிடியில் கை வைத்தேன். தள்ளவில்லை. ஆணிச் சாக்கின்மேல் உட்கார்ந்து கேட்டது நினைவுக்கு வந்தது. மண்ணு வழியா வந்து கால்ல ஏறிச்சு தம்பி. அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். பாதி புரிந்தது. கம்பி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், என் கையாலேயே மண் தள்ளியிருக்கிறேன். அந்த மண்ணில் அம்மா வெறுங்காலோடு நிற்கிறார்.

டிக் டிக் டிக் என்று வேகம் எடுத்தது. ஜன்னலில் ஏறி நின்று கத்தினேன். "அம்மா! அத்த! மேல வந்துருங்க! இடி வருது!"

அம்மாவுக்குக் கேட்கவில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்தார். "முனிக்கு வச்சத பாதியில விட்டுட்டு வரக்கூடாது மருமகளே! நீயும் வா, பொங்கல் பொங்கப் போகுது!" என்று கையை ஆட்டினார். மற்றக் கை குழாயில்தான் இருந்தது.

சத்தம் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே கோடாக ஓடத் தொடங்கியது. முன்னறை முழுவதும் தீய்ந்த வாசனை. வீடு போயிரும், வீடு போயிரும் என்று அப்பாவின் குரல்தான் தலைக்குள். கீழே ஓடியிருக்கலாம். கைப்பிடியை விட்டுவிட்டு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் அப்பா சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைக் கீழே தள்ளினேன். உடனே அடங்கிவிட்டது. வீடே அமைதியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அடுத்த நிமிஷம் டர்பன்டைன் மரத்தில் விழுந்தது. சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை, வெள்ளைதான் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். சுவரிலிருந்து இரண்டு தபாலட்டைகள் கழன்று விழுந்திருந்தன. வேறொன்றும் ஆகவில்லை.

அப்பா ஸ்டோரிலிருந்து மேல் பாதையாக ஓடி வந்தார். பீலி அந்தப் பாதையில் இல்லை. உள்ளே வந்ததும் நேராக ஜன்னலைத்தான் பார்த்தார். கைப்பிடி கீழே இருந்தது. செட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"நல்ல வேள பாப்பா. போட்டுட்ட. வீடு தப்பிச்சிருச்சு."

அப்போதுதான் கீழேயிருந்து அழுகைச் சத்தம் ஏறி வந்தது. அவர் கை என் தலையிலேயே இருந்தது. அது கனத்துக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது.

தோட்டத்து லொறியில் ஏழு பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆறு பேர் திரும்பி வந்தார்கள். அம்மாவுக்குப் பாதத்தில் கொப்புளம், இடது கால் கடைசிவரை மரத்தே இருந்தது. திரும்பாதவர் அத்தை; லொறியில் ஏற்றும்போதே, பீலியிலேயே, அவருக்கு உயிர் போயிருந்தது. அத்தையின் அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு வரிசையாக வந்தீர்கள், நினைவிருக்கும்.

முனி அடித்துவிட்டது என்று தோட்டம் சொன்னது. பொங்கல் பொங்குவதற்குள் இடி விழுந்ததால் முனிக்குக் கோபம் தீரவில்லை என்றார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்ல வாய் திறப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பதுளையிலிருந்து கடை நானா வந்திருந்தார். அதற்குள் அப்பா கோலைச் சேற்றுக்குள் முழுதாக அடித்து இறக்கி, மேலேயிருந்து வருகிற கம்பியையும் வெட்டிவிட்டார். சேற்றில் ஒரு முழத் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நானா பீலி ஓரம் வந்து அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி அந்த முனையை மூடிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். நல்ல மனுஷர். அன்றைக்கு அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்து சத்தம் போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு.

அதன்பிறகு அப்பா ஒருநாளும் ரேடியோவில் பேசவில்லை. பெட்டிகள் தேயிலைப் பெட்டிக்குள் போய், கட்டிலுக்கடியில் எலிக்கு வீடாகின. தபாலட்டைகளைக் கரப்பான் தின்றது. அந்தச் சுவிட்ச் மட்டும் வீட்டை இடிக்கும்வரை ஜன்னலிலேயே இருந்தது, கைப்பிடி கீழே தள்ளியபடி. அதை யாரும் மேலே தூக்கவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை, "பீலிக்கு ஒரு கம்பி போட்டீங்களே, அது எங்க?" என்று கேட்டார். "கழட்டிட்டேன்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா பீலியில் குளித்ததே இல்லை. முனிக்குக் கல் வைத்துக் கோயில் எழுந்ததும் வருஷா வருஷம் முதல் தேங்காய் அப்பாவுடையது. பயபக்தி என்று நீங்கள் எல்லாரும் மெச்சினீர்கள்.

என் மருமகன் மின்சாரப் படிப்புப் படித்தவர். வேறு யாருக்கோ நடந்த கதை போல அவரிடம் ஒருநாள் கேட்டேன். சுவிட்ச் மேலே இருந்திருந்தாலும் அவ்வளவு பெரிய இடி இடைவெளியைத் தாவிப் பூமிக் கம்பிக்குத்தான் போயிருக்கும் என்றார். நல்ல ஆறுதல்தான். ராத்திரி படுத்தால் அந்த ஆறுதல் நிற்பதில்லை.

ஆகவே கூட்டாளிகளே, இடிதாங்கி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பியைக் கோயிலுக்குப் பின்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் இறக்குங்கள். அங்கே பாறைதான். உடைக்க ஒரு நாள் வேலை, உடையுங்கள். இடி உறுமினால் பூசையைப் பாதியில் விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே போங்கள். முனி கோபித்துக்கொள்ளாது. முனியின் பேரில் என்ன பழி இருக்கிறதோ அது எங்கள் வீட்டுப் பழி.

பீலி ஓரம் தோண்டினால் பச்சை பூத்த ஒரு செம்புக் கோல் கிடைக்கும். அதற்கு மஞ்சள் பூசாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். இதைப் படித்த பிறகும் கூப்பிட உங்களுக்கு மனம் இருந்தால்.